புழுங்கலரிசியும் பல்கலைக்கழகமும்: நீலாய்த் தோட்டப்புறமும் உயிரியல் கல்வியும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், சிலாங்கூர் எல்லையை ஒட்டி அமைந்த ஊர் நீலாய். சிரம்பானிலிருந்து கோலாலம்பூர் செல்லும் இருப்புப் பாதை அவ்வூரின் வழியே செல்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னர் அப்பாதையில் பயணம் செய்தோர் சன்னலுக்கு வெளியே கண்டவை வரிசை பிசகாமல் நின்ற ரப்பர் மரங்கள், அவற்றின் நடுவே லயன் வீடுகள், ஒரு சிறு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி. இன்று அக்காட்சி பெரிதும் மாறிவிட்டது. ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் பண்டார் பாரு நீலாய் என்னும் புதுநகர் எழுந்துள்ளது. மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகம், இன்டி அனைத்துலகப் பல்கலைக்கழகம், நீலாய்ப் பல்கலைக்கழகம் ஆகியவை அங்கு வளாகங்களை அமைத்துக்கொண்டன. அதே இருப்புப் பாதையில் வடக்கே சென்றால் பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம். இன்னும் சற்றுத் தொலைவில் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம். பால்மரம் சீவியவரின் பேரப்பிள்ளை இன்று ரயிலேறி ஒரு மணி நேரத்திற்குள் எட்டிவிடக்கூடிய தொலைவில் உயிரியல் ஆய்வுக்கூடங்கள் பல உள்ளன.

ஆனால் தொலைவு என்பது கிலோமீட்டரால் மட்டும் அளக்கப்படுவதன்று. உயிரியல் என்ற சொல்லைக் கேட்டவுடன் தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றின் எண்ணத்தில் தோன்றுவது மருத்துவர் ஒருவரின் வெள்ளை மேலங்கியே. மகனோ மகளோ மருத்துவராக இயலவில்லையெனில் உயிரியல் படித்தது வீண் என்ற எண்ணம் இன்னும் மறையவில்லை. அத்துறை தமக்குப் புதியது, அயலானது என்ற தயக்கமும் உடன் நிற்கிறது. வரலாறோ இதற்கு மாறாகப் பேசுகிறது. மலாயாவில் உயிரியல் வளர்ந்த களங்களுள் தலையாயது தோட்டம். அக்களத்தில் நூறாண்டுக்கும் மேலாக வாழ்ந்து உழைத்தவர்கள் தமிழர்கள். அவர்கள் கையாண்ட மரமும், உண்ட சோறும், அவர்களை வீழ்த்திய காய்ச்சலும் ஆய்வுப் பொருள்களாயின. ஆராய்ந்தவர்கள் மட்டும் வேறானவர்களாக இருந்தனர். இவ்வரலாற்றை அறிந்தவர்க்கே பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயில்வதன் பொருள் முழுமையாக விளங்கும்.

மரமும் உளியும்

தோட்டங்களின் கதை ஒரு பூசணத்திலிருந்து தொடங்குகிறது எனலாம். 1869-ஆம் ஆண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. கண்ணுக்குப் புலப்படாத அப்பூசணம் சில பத்தாண்டுகளில் அத்தீவின் காப்பித் தொழிலையே அழித்தது. தோட்ட முதலாளிகளுட் சிலர் மலாயாவிற்கு வந்து சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் காப்பி நட்டனர். இங்கும் பூச்சியும் விலை வீழ்ச்சியும் அவர்களை விடவில்லை. அந்நிலையில் கைகொடுத்தது ரப்பர்.

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தாவரப் பூங்காவிற்குக் கொண்டுவந்தார். அவற்றுள் முளைத்தவை 3,000-க்கும் குறைவு. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுட் சில பேராக்கின் கோலாகங்சாரில் நடப்பட்டன. ஆயினும் மரம் வளர்ந்த பின்னும் அதனிடமிருந்து பாலைப் பெறும் முறை எவருக்கும் செம்மையாகத் தெரியவில்லை. அமேசானில் மரத்தை வெட்டிக் காயப்படுத்தியே பால் எடுத்தனர், மரம் நலிந்தது. 1888-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி இச்சிக்கலைத் தீர்த்தார். பட்டையை மெல்லிய சீவலாக, ஒரே கோட்டைத் தொடர்ந்து நாள்தோறும் சீவினால் மரம் சாகாது. சீவிய பட்டை மீண்டும் வளரும் என்பதை அவர் ஆய்வு செய்து காட்டினார். 1896-ஆம் ஆண்டில் மலாக்காவில் தான் சே யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அடுத்த பத்தாண்டுகளில் மோட்டார் வண்டிகள் பெருகின. ரப்பருக்குப் பெரும் தேவை உண்டாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிகள் வழியாக ஆள்கள் திரட்டப்பட்டுக் கப்பல் கப்பலாக வந்திறங்கினர்.

ரிட்லி கண்டறிந்ததை இலட்சக்கணக்கான மரங்களில் நாள்தோறும் செய்து காட்டியவர்கள் இத்தொழிலாளர்களே. ரப்பர் மரத்தின் பால்குழல்கள் பட்டையில் உள்ளன. அவற்றிற்கு உட்புறம், மரக்கட்டையைச் சுற்றி, புதிய பட்டையைத் தோற்றுவிக்கும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. உளி அப்படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழும். பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். தொடாமல் விலகியே நின்றாலோ பால் குறையும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இடம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். விடியற்கு முன், தலையில் கட்டிய விளக்கொளியில், அந்த ஒரு மில்லிமீட்டரை விரலின் உணர்வால் அறிந்தவள் தோட்டத்துப் பெண்.

கோடு இடமிருந்து வலமாகச் சரிய வேண்டும் என்பதும், விடியற்காலையிலேயே சீவ வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். பால்குழல்கள் நேராகச் செல்லாமல் சற்றே சாய்ந்து செல்வதால் அச்சரிவு கூடுதலான குழல்களைத் திறக்கிறது. இரவில் இலைகள் நீரை ஆவியாக விடுவது குறைவதால் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கிறது. அதனால் விடியற்காலையில் பால் விசையுடன் வடிந்து மங்கில் நிறைகிறது. வெயில் ஏறினால் அழுத்தம் குறையும், பாலும் குறையும். செயல் அவளிடம் இருந்தது. காரணம் பல்கலைக்கழகத்தில் இருந்தது. இரண்டிற்கும் இடையே பாலம் மட்டும் இல்லை.

1925-ஆம் ஆண்டில் சட்டத்தின் வழி அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் மரத்தின் இனத்தையே மாற்றியது. உயர்ந்த விளைச்சல் தரும் மரத்தின் மொட்டைக் கன்றில் ஒட்டுக்கட்டும் முறை பரவியது. நீலாய்க்கு வடக்கே இருந்த பிராங் பெசார்த் தோட்டத்தில் பி.பி. 86 என்னும் ஒட்டினம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதனைச் சாவக இனமொன்றுடன் கலந்து உருவாக்கப்பட்டதே உலகெங்கும் பரவிய ஆர்.ஆர்.ஐ.எம். 600. தெரிவு செய்யப்படாத பழைய கன்றுகள் ஓர் எக்டருக்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 500 கிலோ ரப்பர் தந்த நிலை மாறி, 1,500 கிலோவும் அதற்கு மேலும் கிடைக்கலாயிற்று. பிராங் பெசார் நின்ற மண்ணில் இன்று நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா நிற்கிறது.

சோற்றுப் பானை

நெகிரி செம்பிலானின் பெயர் உலக உயிரியல் வரலாற்றில் நிலைத்து நிற்பதற்கு மற்றொரு காரணம் உண்டு. அக்காரணம் தமிழரின் சோற்றுப் பானையோடு தொடர்புடையது என்பதை இன்றைய இளைஞருள் அறிந்தோர் மிகச் சிலரே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால்கள் மரத்துப் போகும், உடல் வீங்கும், இதயம் தளர்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களை அது பெரிதும் தாக்கியது. கிருமியால் வருகிறது என்றனர் சிலர். ஈர நிலத்தின் நச்சுக்காற்றால் வருகிறது என்றனர் வேறு சிலர். அக்காலத்தில் நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் ஒன்றைக் கூர்ந்து கவனித்தார். ஒரே நாட்டில், ஒரே வானிலையில் வாழ்ந்தும் தமிழ்த் தொழிலாளர்களிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. கம்பங்களில் தாமே குத்திய அரிசியை உண்ட மலாய்க்காரர்களிடையேயும் அவ்வாறே. வேறுபாடு எங்கே? சீனத் தொழிலாளர் உண்டது ஆலையில் தீட்டப்பட்ட வெள்ளையரிசி; தமிழர் உண்டது புழுங்கலரிசி. அரிசியே காரணம் என்று வாதிட்டு, 1907-ஆம் ஆண்டில் பிராடன் ஒரு நூலையே எழுதி வெளியிட்டார்.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பிளெட்சர் என்னும் மருத்துவர் இதனைச் சோதித்தார். விடுதியில் இருந்தோர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். வெள்ளையரிசி உண்ட ஏறத்தாழ 120 பேரில் 30-க்கும் மேற்பட்டோரை நோய் தாக்கியது; 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோரிடையே நோய் புதிதாகத் தோன்றவில்லை. பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலானின் உட்காட்டில், டூரியான் திப்புஸ் என்னுமிடத்தில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளர்களிடையே இச்சோதனையை இன்னும் கட்டுப்பாட்டுடன் நடத்தினர். வெள்ளையரிசி உண்ட பிரிவில் சில மாதங்களில் பெரிபெரி தோன்றியது. புழுங்கலரிசிக்கு மாற்றியதும் நின்றது. அரிசியைத் தீட்டும்போது கழியும் தவிட்டிலேயே உடலுக்கு இன்றியமையாத ஏதோவொரு பொருள் உள்ளது என்பது அதனைத் தொடர்ந்த ஆய்வுகளால் உறுதியாயிற்று.

அப்பொருள் தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1. 1926-ஆம் ஆண்டில் சாவகத்தில் அது தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது. 1936-ஆம் ஆண்டில் அதனை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கிய இராபர்ட் வில்லியம்ஸ், தமிழகத்தை அடுத்த நெல்லூரில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியையும் தவிட்டையும் ஒட்டியிருக்கும் அச்சத்து நீரோடு கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் செல்கிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அதன் பெரும்பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகிறது.

காவிரிக் கரையிலும் பாலாற்றங்கரையிலும் நெல் அவித்த மகளிர் இதனை வேதியியலாக அறிந்தாரல்லர், பழக்கமாக அறிந்திருந்தனர். அப்பழக்கம் கடல் கடந்து வந்து பல்லாயிரவர் உயிரைக் காத்தது. ஆயினும் இவ்வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. விடுதியிலிருந்த நோயாளரிடம் ஒப்புதல் பெற்றுச் சோதனை நடத்தும் நெறி அந்நாளில் இல்லை. 18 பேரின் இறப்பு ஒரு கட்டுரையின் எண்ணாக முடிந்தது. இன்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் மனிதரிடம் ஆய்வு நடத்துமுன் அறநெறிக் குழுவின் இசைவைப் பெற வேண்டும். உயிரியல் பயிலும் மாணவர் கற்கும் பாடங்களுள் அதுவும் ஒன்று. அப்பாடம் யாருடைய துன்பத்திலிருந்து பிறந்தது என்பதைத் தோட்டத்துப் பிள்ளை மற்றவரைவிட எளிதில் உணரும் அன்றோ?

ஓடையும் கொசுவும்

தோட்டங்களில் தமிழரைக் கூட்டங்கூட்டமாக வீழ்த்திய நோய் மலேரியா. அனோபிலிஸ் கொசுவே அதனைப் பரப்புகிறது என்பதை 1897-ஆம் ஆண்டில் இந்தியாவில் இரானல்டு ராஸ் மெய்ப்பித்தார். நான்கே ஆண்டுகளில், 1901-இல், கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அவ்வுண்மையைச் செயற்படுத்தத் தொடங்கினார். சதுப்பு நிலங்களில் நீரை வடித்துக் காட்டை அழித்தார், காய்ச்சல் தணிந்தது.

ஆனால் அதே முறையை மேட்டு நிலங்களிற் கையாண்டபோது விளைவு தலைகீழாயிற்று. காட்டை அழித்த தோட்டங்களில் காய்ச்சல் மேலும் பெருகியது. ஏன்? கடலோரச் சமவெளியின் கொசுவினம் நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. மேட்டு நிலத்தில் நோயைப் பரப்பிய மாகுலாட்டஸ் என்னும் இனமோ வெயில் படும் தெளிந்த ஓடை நீரை விரும்புவது. மரங்களை வெட்டியபோது ஓடைகளில் வெயில் விழுந்தது. கொசுவுக்குத் தொட்டில் கட்டியது போலாயிற்று. நெகிரி செம்பிலானின் மேடும் பள்ளமுமான நிலம் இத்தகையதே. ஒவ்வோர் இனத்தின் இயல்பையும் தனித்தனியே அறிந்தாலொழிய நோயை வெல்ல இயலாது என்ற கொள்கை இங்ஙனம் பிறந்தது. ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் மறைத்தனர். மறைக்க இயலாதவற்றில் எண்ணெய் தெளித்தனர். முதுகில் எண்ணெய்க் கலம் சுமந்து வாய்க்கால் தோறும் நடந்தவர்களுள் தமிழர் பலர். அவர்கள் செய்தது பூச்சியியலின் நேரடிப் பயன்பாடு. கூலிப் பதிவேட்டில் அது ஒரு நாள் வேலையாக மட்டுமே எழுதப்பட்டது.

பள்ளியின் எல்லை

இவ்வளவு உயிரியல் அறிவு சூழ்ந்திருந்தும் தோட்டத்துப் பிள்ளை அதனைக் கற்க இயலாமற் போனதேன்? விடை பள்ளியில் உள்ளது. மலாய்க் கூட்டரசின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளியொன்றை நடத்த வேண்டும் என்றது. பள்ளிகள் தோன்றின. பல இடங்களில் கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்ந்தார், கொட்டகையே வகுப்பறையாயிற்று. எழுத்தும் எண்ணும் கற்ற பிள்ளை பன்னிரண்டாம் வயதில் மங்கைக் கழுவவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் சென்றது. தொழிலாளரின் பிள்ளை தொழிலாளராகவே வளரவேண்டும் என்பதற்கேற்றவாறு அக்கல்வி அமைந்திருந்தது.

உயர்கல்வியின் வாயிலோ எவருக்கும் எளிதாக இல்லை. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தோன்றிய ஆண்டு 1949. அதன் முதல் தாவரவியற் பேராசிரியராக அமர்ந்தவர் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹோல்ட்டம். 1959-இல் கோலாலம்பூரில் அதன் கிளை வளர்ந்தது. 1962-இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1931-இல் செர்டாங்கில் தோன்றிய வேளாண்மைப் பள்ளி 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1970-இல் தோன்றிய தேசியப் பல்கலைக்கழகம் பின்னர் பாங்கிக்கு இடம் பெயர்ந்தது.

வாயில்கள் பெருகிய அதே காலத்தில் தடைகளும் உருமாறின. தமிழ்ப்பள்ளியில் தமிழில் அறிவியல் கற்ற மாணவர், புகுமுக வகுப்பிற்குப் பின் இடைநிலைப் பள்ளியில் அதனை வேற்று மொழியில் கற்க வேண்டியிருந்தது. 1970 வரை அது பெரும்பாலும் ஆங்கிலம். பின்னர் படிப்படியாக மலாய். 2003-ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் என்ற கொள்கை தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. ஒரு மாணவர் இலையின் பச்சையம் என்ற ஒன்றிற்கே மூன்று மொழிகளில் பெயர் கற்க நேர்ந்தது. இதனோடு இடங்களின் இன விகிதாசாரமும் சேர்ந்தது. மெட்ரிகுலேசன் வகுப்புகளில் பூமிபுத்ரா அல்லாதோர்க்கு ஒரு பகுதி இடங்கள் திறக்கப்பட்டது 2002-ஆம் ஆண்டை ஒட்டியே. அதுவரை எஸ்.டி.பி.எம். என்னும் கடினமான வழியே அவர்களுக்குரிய பெருவழியாக இருந்தது.

இத்தடைகளைத் தாண்டியவர்களும் இருந்தனர். சிலாங்கூரின் உலு பூலோத் தோட்டத்தில் 1929-ஆம் ஆண்டில் பிறந்த பி. சி. சேகர் வேதியியல் அறிஞராகி, 1966-இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்ற முதல் மலேசியரானார். கேரளக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், தோட்டத்து மண்ணில் பிறந்தவரும் தோட்டத்து மரத்தை ஆளும் அறிவைப் பெறலாம் என்பதற்குச் சான்றாக விளங்கினார்.

செம்பனையின் மறைபொருள்

ரப்பருக்குப் பின் வந்தது செம்பனை. நெடுங்காலம் மலேசியத் தோட்டங்களில் செம்பனைப் பூக்களுக்கு மகரந்தத்தை மனிதக் கையே தூவ வேண்டியிருந்தது. பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் மரத்திற்கு மரம் சென்று அவ்வேலையைச் செய்தனர். ஆப்பிரிக்காவின் கேமரூனில் அப்பணியை ஒரு சிறு வண்டு செய்வதைப் பூச்சியியல் அறிஞர் இரகுமான் சையது கண்டறிந்தார். தக்க சோதனைகளுக்குப் பின் 1981-ஆம் ஆண்டில் ஜொகூரில் அவ்வண்டு விடப்பட்டது. விரைவிலேயே அது நாடெங்கும் பரவியது, காய்ப்புப் பெருகியது. கையால் மகரந்தம் தூவும் வேலை அடியோடு மறைந்தது. அவ்வேலையை நம்பியிருந்தோரிடம் எவரும் கலந்து பேசியதில்லை. அறிவியல் மாற்றத்தைத் தோட்டத் தொழிலாளர் செய்தியாகக் கேட்பதில்லை. பெரட்டுக் களத்தில் விளைவாகவே சந்திக்கின்றனர்.

ஆயினும் அதே செம்பனை வேறொரு கதையையும் தந்துள்ளது. செம்பனையில் தடித்த ஓடுடைய கொட்டை கொண்ட இனம் ஒன்று. ஓடே இல்லாத இனம் மற்றொன்று. இரண்டும் கலந்து பிறக்கும் மெல்லோட்டினமே மிகுதியான எண்ணெய் தருவது. ஆனால் கன்று எவ்வினம் என்பதை அறியக் காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2013-ஆம் ஆண்டில், பாங்கியில் அமைந்த மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் அறிஞர்கள், அனைத்துலக அறிஞர்களோடு இணைந்து, அவ்வோட்டை ஆளும் மரபணுவையும் செம்பனையின் முழு மரபுத் தொகுதியையும் கண்டறிந்து நேச்சர் இதழில் வெளியிட்டனர். அக்குழுவில் முன்னின்றவர்கள் ரஜிந்தர் சிங்கும் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தியும். இன்று நாற்றங்காலிலேயே ஒரு சிறு இலைத்துண்டைக் கொண்டு கன்றின் இனத்தை அறியலாம். நீலாயிலிருந்து பாங்கி சில ரயில் நிலையங்களே தொலைவில் உள்ளது. செம்பனைக் குலையைச் சுமந்தவர்களின் ஊருக்கு அருகே, செம்பனையின் உட்பொருளைப் படித்தறிந்த கூடம் ஒன்று இருக்கிறது.

1999-ஆம் ஆண்டின் பாடம்

உயிரியல் அறிவு நூலகத்தில் உறங்குவதன்று. அது உயிர் காக்கும் அரண் என்பதை நெகிரி செம்பிலான் 1999-இல் கண்கூடாகக் கண்டது. முந்தைய ஆண்டின் செப்டம்பரில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் தோன்றிய ஒரு மூளைக்காய்ச்சல், பன்றிகளோடு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வட்டாரத்திற்கும் வந்து சேர்ந்தது. கொசுவால் பரவும் சப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதப்பட்டது. தடுப்பூசி போடப்பட்டது, புகை அடிக்கப்பட்டது. ஆயினும் பண்ணைகளில் பணியாற்றியோர் தொடர்ந்து மடிந்தனர்.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வுக்கூடத்தில் சுவா காவ் பிங் என்னும் இளம் மருத்துவர், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த நோயாளியிடமிருந்து பெற்ற மாதிரியை உயிரணுக்களில் வளர்த்துப் பார்த்தார். அவர் கண்டது முன்பின் அறியப்படாத ஒரு நச்சுயிரி. 1999 மார்ச்சில் உண்மை வெளிப்பட்டது. கொசு அன்று, பன்றியே நோயைப் பரப்பியது, பன்றிக்கு அதனைத் தந்தது பழந்தின்னி வௌவால். கண்டறிந்தவுடன் தடுப்பு முறை மாறியது. ஏறத்தாழ பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன, நோய் நின்றது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்துவிட்டனர். அச்சிற்றூரின் பெயரே அந்நச்சுயிரிக்கு நிப்பா எனச் சூட்டப்பட்டது. 2018-இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் அதே நோய் தோன்றியபோது, மலேசியாவில் பெற்ற அறிவு அங்கும் துணைநின்றது.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? பிழையான விடையை நாடே நம்பியிருந்தபோது, சான்று வேறாக இருக்கிறதே என்று ஐயுற்று மீண்டும் நோக்கிய ஒருவரால் பலர் உயிர் பிழைத்தனர். அந்த ஐயத்தை முறையாகப் பயிற்றுவிப்பதே பல்கலைக்கழகத்தின் தலையாய பணி.

திறந்திருக்கும் துறைகள்

உயிரியல் பட்டப்படிப்பில் மாணவர் கற்பது உயிரணுவின் அமைப்பு, மரபியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், சூழலியல், புள்ளியியல் முதலியன. இவற்றினும் முதன்மையானது ஆய்வுக்கூடப் பயிற்சி. கண்டதைக் கண்டவாறு எழுதுதல், அளந்ததை மீண்டும் அளத்தல், தனக்குப் பிடித்த முடிவையும் ஐயுறுதல் ஆகிய பழக்கங்கள் அங்குப் படிகின்றன. இறுதியாண்டில் மாணவர் தாமே ஒரு சிறு வினாவை எடுத்து ஆராய்ந்து எழுதுகிறார். தோட்டத்துப் பிள்ளைக்கு அதுவே பெரிய திருப்பம். தலைமுறைகளாகப் பிறர் கேட்ட வினாக்களுக்குப் பொருளாக இருந்த சமுதாயத்தைச் சார்ந்தவர், அப்போதுதான் தாமே வினா கேட்கத் தொடங்குகிறார்.

பட்டம் பெற்றோர்க்குத் திறந்துள்ள வழிகள் மருத்துவம் ஒன்றோடு முடிவனவல்ல. ரப்பர் வாரியம், செம்பனை எண்ணெய் வாரியம், 1969-இல் தோன்றிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையமான மார்டி, கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம், மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை உயிரியல் அறிஞர்களாலேயே இயங்குகின்றன. மருத்துவமனை ஆய்வுக்கூடங்கள், கொசு ஒழிப்புப் பிரிவுகள், உணவு, மருந்துத் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகள், வனவிலங்குத் துறை, நீர்த்தூய்மைத் துறை, பள்ளிகள் எனப் பணியிடங்கள் பல. மேற்படிப்பை நாடுவோர்க்கு ஆய்வு உதவியாளராகப் பணியாற்றிக்கொண்டே முதுகலையும் முனைவர் பட்டமும் பெறும் வாய்ப்பும் உண்டு.

ஆயினும் பட்டத்தாள் ஒன்றே வேலையைத் தந்துவிடும் என்று நம்புவது தவறு. உயிரித்தொழில்நுட்பம் என்ற பெயரின் கவர்ச்சியால் சேர்ந்து, ஆய்வுக்கூடத் திறனோ ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் பயிற்சியோ பெறாமல் வெளிவந்தவர் வேலைக்கு அலைய நேரும். தொடக்க ஊதியம் சிறிது. மேல்நிலை அடையக் காலம் நெடிது. தனியார் பல்கலைக்கழகக் கட்டணமோ தோட்டப்புறக் குடும்பத்திற்கு மலை போன்றது. 1997-இல் தோன்றிய தேசிய உயர்கல்வி நிதி கடனளிக்கிறது; ஆனால் கடன் கடனே. ஆகவே அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் பெறுவதற்கான முயற்சி ஐந்தாம் படிவத்திலேயே தொடங்கியாக வேண்டும். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேசன், அடிப்படைப் படிப்பு ஆகிய மூன்று வழிகளையும் அறிந்து, உரிய நாளில் விண்ணப்பம் அனுப்ப வழிகாட்டுவோர் வேண்டும். விண்ணப்ப நாள் தெரியாமல் போனதால் இழந்த இடம், மதிப்பெண் குறைவால் இழந்த இடத்தினும் வேதனையானது.

இதில் குடும்பத்திற்கும் சமுதாயத்திற்கும் கடமையுண்டு. மருத்துவம் கிடைக்கவில்லை என்பதற்காகப் பதினெட்டு வயதுப் பிள்ளையைத் தோற்றவராகக் கருதும் மனப்பான்மை மாற வேண்டும். பெரிபெரியின் காரணத்தை உறுதிசெய்ய நோயாளியின் படுக்கையருகே நின்ற மருத்துவர் மட்டும் போதவில்லை. தவிட்டைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளரும் தேவைப்பட்டார். நிப்பாவை நிறுத்தியதில் வௌவாலைத் தேடிக் காட்டிலும் தீவிலும் அலைந்தவர்க்கும் பங்குண்டு. மருத்துவர் ஒருவர் தம்மிடம் வந்தவரைக் காக்கிறார். உயிரியல் ஆய்வாளரோ தம்மை ஒருநாளும் காணாதவரையும் காக்கிறார்.

நீலாயின் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. அவற்றிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளிலும் வீடமைப்புப் பகுதிகளிலும் வாழ்கின்றன. பாட்டியின் கையில் உளியைப் பிடித்த தழும்பு இன்னும் இருக்கலாம். அடுப்பில் புழுங்கலரிசி இன்னும் கொதிக்கலாம். அவ்வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகம் சென்று, விடியற்காலையில் பால் ஏன் மிகுதியாக வடிந்தது என்பதையும், அந்தச் சோறு ஏன் உயிர் காத்தது என்பதையும் கற்று வந்து பாட்டியிடம் சொல்லுமாயின், நூறாண்டுகளாகக் கட்டப்படாதிருந்த பாலம் அன்று கட்டப்படும். செய்தவர் ஒருவர், அறிந்தவர் வேறொருவர் என்ற நிலை அவ்வீட்டில் முடிவுறும். அப்பாலத்தின் மறுகரை, நீலாய் நிலையத்தில் வந்து நிற்கும் அடுத்த ரயில் செல்லும் தொலைவிலேயே இருக்கிறது.